சிறிய பிரெய்ரி நகரத்துக்குக் குடிபோகும் முன்: எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ இருக்கும் குடும்பம் மேற்கே பிரெய்ரிக்கு, அதாவது ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிட்டோபா மாகாணங்களுக்கு, போகலாமா என்று யோசிக்கத் தொடங்கினால் முதலில் பார்ப்பது வீட்டு விலையைத்தான். அங்கே ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் கேட்கும் பணத்தில் இங்கே கராஜும் தோட்டமுமாகத் தனி வீடு கிடைக்கும். அந்த வீட்டின் படம் மனதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எதுவும் தடையாகத் தெரியாது. வேலை கிடைத்துவிடும், டாக்டர் இருப்பார், குளிர் பழகிவிடும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வந்துவிடும்.

நான் சஸ்காட்செவனில் இருக்கிறேன். வந்து வேரூன்றியவர்களையும் ஒரே குளிர்காலத்தோடு திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பியவர்களில் குளிர் தாங்காமல் போனவர்கள் குறைவு. மனைவிக்கு வேலை அமையவில்லை, பிள்ளையின் சிகிச்சைக்கு அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓட வேண்டியிருந்தது, வீட்டில் ஒருவருக்குத்தான் கார் ஓட்டத் தெரிந்தது. இப்படிப்பட்ட காரணங்கள்தான் அதிகம். இவை எல்லாம் வருவதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் வீடு கடைசியில்தான் வருகிறது.

சிறிய நகரம் என்று இங்கே சொல்வது வினிப்பெக், கால்கரி, சஸ்கட்டூன் போன்றவற்றை அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரெட் டீரும் லெத்பிரிட்ஜும் ஒரு லட்சத்தை ஒட்டிய நகரங்கள். இவை இரண்டும் ஆல்பர்ட்டாவில். அதே மாகாணத்தின் மெடிசின் ஹாட்டில் சுமார் 63,000 பேர், மானிட்டோபாவின் பிராண்டனில் 51,000, சஸ்காட்செவனின் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் 38,000, மூஸ் ஜாவில் 34,000. இந்த அளவில்தான் ‘எல்லாம் இருக்கும்’ என்ற எண்ணம் பொய்க்கத் தொடங்குகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஒரு வருட வங்கிக் கணக்கும் கடன் அட்டைக் கணக்கும். வீட்டில் ஒவ்வொருவரும் போன மருத்துவமனை, கிளினிக், பல் மருத்துவர் பட்டியல். யாருக்கு எந்த நிலை ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்ற விவரம். குளிர்காலத்தில் ஒரு முறை போய்வரப் பணமும் விடுப்பும்.

நகரங்களை மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நகரத்தை ஒப்பிட உட்கார்ந்தால் நேரில் போகாமலேயே அட்டவணை போட்டு முடிவெடுக்கத் தோன்றும். ‘வாழச் சிறந்த நகரங்கள்’ தரவரிசைகளும் இந்தக் கட்டத்தில் உதவாது. அவை எல்லோருக்குமான சராசரியைச் சொல்கின்றன. உங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

1. உங்கள் இப்போதைய வாரத்தை எழுதுங்கள்

திங்கள் முதல் ஞாயிறு வரை யார், எங்கே, எதில் போகிறார்கள் என்று எழுதுங்கள். அம்மா பஸ்ஸில் கோயிலுக்குப் போவது, மகள் வியாழக்கிழமை வீணை வகுப்புக்குப் போவது, இரவு பத்து மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை, எல்லாம் வர வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி: இது இல்லாமல் முடியாது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், போனால் போகட்டும். முதல் வகையில் நான்கைந்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாமே முதல் வகையில் விழுந்தால் சிறிய நகரம் இப்போதைக்கு வேண்டாம்.

வழக்கமாக நடக்கும் தவறு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பட்டியல் போடுவது. தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் உடன் இருந்தால் அவர்களும் எழுதட்டும். பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போகிற பாட்டியின் பட்டியலைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். புதிய ஊரில் மிகப் பெரிய மாற்றம் அவருக்குத்தான்.

2. இரண்டு வேலை, அப்புறம் மூன்றாவது வேலை

ஒருவருக்கு வேலை உறுதியானதும் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய நகரத்தில் மற்றவருக்குப் பிறகு தேடிக்கொள்ளலாம். சிறிய நகரத்தில் ஒரு துறையில் வேலை கொடுப்பவர்களே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். கணக்கராகவோ மென்பொருள் பரிசோதகராகவோ இருப்பவருக்கு அந்த நகரத்தில் கடந்த சில மாதங்களில் எத்தனை விளம்பரம் வந்தது என்று அரசின் ஜாப் பேங்க் தளத்தில் பாருங்கள். ஒரு வாரம் பார்த்தால் போதாது. சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால்தான் காலியாகும் வேகம் தெரியும்.

மூன்றாவது வேலை என்பது, கிடைத்த வேலை போனால் அதே ஊரில் அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. பிராண்டனில் பன்றி இறைச்சி ஆலை (2025 வரை மேப்பிள் லீஃப், இப்போது கனடா பேக்கர்ஸ்) பெரிய முதலாளி. மூஸ் ஜாவில் விமானப்படைத் தளம், மருத்துவமனை, பாலிடெக்னிக், சுற்றுவட்டாரப் பொட்டாஷ் சுரங்கம். லெத்பிரிட்ஜில் பல்கலைக்கழகமும் உணவுப் பதனத் தொழிலும். உங்கள் தொழில் இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி இருந்தால், பக்கத்துப் பெரிய நகரத்துக்குத் தினமும் போய்வர முடியுமா என்பதே உங்கள் காப்பீடு. மூஸ் ஜாவிலிருந்து ரெஜைனா சுமார் 70 கிலோமீட்டர், போய்வருகிறார்கள். பிராண்டனிலிருந்து வினிப்பெக் 200 கிலோமீட்டருக்கு மேல், தினமும் முடியாது.

நர்ஸ், ஆசிரியர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு உரிமம் மாகாணத்துக்கு மாகாணம். ஒன்டாரியோவில் முழு உரிமம் பெற்றவர்கள் மாற்றிக்கொள்வது எளிது. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்துவிட்டு உரிமம் வாங்கும் பாதி வழியில் இருப்பவர்கள், இதுவரை முடித்த எந்தப் படியைப் புதிய மாகாணம் ஏற்கும் என்று அங்குள்ள உரிமம் வழங்கும் அமைப்புக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தர வதிவுரிமைக்காக வருபவர்களுக்கு ஒன்று. 2025-இல் தொடங்கிய கிராமப்புறச் சமூகக் குடிவரவு முன்னோடித் திட்டத்தில் பிராண்டன், ஸ்டைன்பாக், மூஸ் ஜா, கிளேர்ஷோம் ஆகியவை உண்டு. அந்தச் சமூகம் அங்கீகரித்த முதலாளியிடமிருந்து வேலை வாய்ப்பு வேண்டும், அங்கேயே வாழும் எண்ணமும் வேண்டும். அந்த வழியில் வருபவர்கள் இந்தப் பட்டியலை இன்னும் கவனமாகப் போட வேண்டும், ஏனென்றால் பிடிக்கவில்லை என்று உடனே கிளம்புவது அவர்களுக்கு எளிதில்லை.

3. மருத்துவம்: டாக்டர் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள்

‘புதிய நோயாளிகளை எடுக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். நகரத்தில் எத்தனை டாக்டர்கள் இருந்தாலும் அவர்கள் பட்டியல் நிரம்பியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது முன்பதிவில்லாமல் போய்க் காத்திருக்கும் வாக்-இன் கிளினிக்தான். ஒவ்வொரு கிளினிக்காகத் தொலைபேசியில் கேளுங்கள். மானிட்டோபாவில் குடும்ப மருத்துவரைத் தேடித் தரும் அரசுச் சேவை இருக்கிறது. ஆல்பர்ட்டாவில் புதியவர்களை ஏற்கும் மருத்துவர்களைத் தேடும் தளம் உண்டு.

அடுத்தது சிறப்பு மருத்துவர். உங்கள் மருத்துவப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இது எந்த ஊரில்?’ என்று எழுதுங்கள். சஸ்காட்செவனில் குழந்தைகளுக்கான தனி மருத்துவமனை சஸ்கட்டூனில் இருக்கிறது, 2019-இல் திறந்தார்கள். மூஸ் ஜாவிலிருந்து அது 200 கிலோமீட்டருக்கு மேல். பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து சுமார் 140. லெத்பிரிட்ஜ்காரர்கள் பல சிகிச்சைகளுக்குச் சுமார் 210 கிலோமீட்டர் தள்ளி உள்ள கால்கரிக்குப் போகிறார்கள். வருடத்தில் ஒரு முறை என்றால் பரவாயில்லை. மாதம் ஒரு முறை, அதுவும் பனிப்புயல் காலத்தில் என்றால், அந்த நாளுக்கு விடுப்பு எடுப்பது யார் என்பதுவரை யோசிக்க வேண்டும்.

மாகாணம் மாறும்போது புதிய மருத்துவ அட்டை பொதுவாக நீங்கள் வந்த மாதத்துக்குப் பின் வரும் மூன்றாவது மாதத்தின் முதல் தேதியிலிருந்து செல்லும். மார்ச்சில் வந்தால் ஜூன் 1. அதுவரை பழைய மாகாணத்தின் அட்டை டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் கைகொடுக்கும். ஆம்புலன்ஸ் கட்டணத்துக்கும் வீட்டில் சாப்பிடும் மருந்துக்கும் கைகொடுக்காது. கிளம்பும் முன் மருந்துகளை முடிந்த அளவு நிரப்பிக்கொள்ளுங்கள், மருத்துவக் கோப்புகளின் நகலைக் கையோடு எடுத்துவாருங்கள்.

4. கார் ஓட்டத் தெரியாதவர் வீட்டில் யார்?

சஸ்காட்செவன் அரசு நடத்திய பஸ் நிறுவனம் 2017 மே மாதத்தோடு மூடப்பட்டது. மறு வருடம் அக்டோபர் முடிவில் கிரேஹவுண்ட் பஸ் நிறுவனம் மேற்குக் கனடாவிலிருந்து விலகியது. அதற்குப் பிறகு தனியார் பஸ்கள் சில வழித்தடங்களில் ஓடுகின்றன. ஆனால் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் பஸ் உண்டு என்ற காலம் போய்விட்டது.

நகரத்துக்குள் ஓடும் பஸ்ஸைப் பார்க்கும்போது வழித்தடப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுமா, தொழிற்பேட்டைக்குப் போகுமா என்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்குப் பகல் பஸ்ஸால் பயனில்லை.

எனவே ஓட்டத் தெரியாத பெரியவர்கள் வருவதற்கு முன்பே பழகத் தொடங்குவது நல்லது. கனடாவில் வேறு மாகாண உரிமம் உள்ளவர்கள் சுமார் மூன்று மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது காரின் விலை, காப்பீடு, குளிர்கால டயர் மூன்றையும் அடுத்த படியின் கணக்கில் சேருங்கள்.

5. மாதக் கணக்கை மாகாணம் வாரியாகப் போடுங்கள்

வீட்டுக் கடன் குறைகிற அளவு மற்ற செலவுகள் குறையாது. சில ஏறும். வேறுபாடுகள் மாகாண எல்லையில்தான் பெரிதாக இருக்கின்றன, நகரத்துக்கு நகரம் அவ்வளவாக இல்லை.

விற்பனை வரி ஆல்பர்ட்டாவில் 5 சதவீதம், சஸ்காட்செவனில் மொத்தம் 11, மானிட்டோபாவில் 12. கார் காப்பீடு மானிட்டோபாவிலும் சஸ்காட்செவனிலும் அரசு நிறுவனத்தின் கையில். ஆல்பர்ட்டாவில் தனியார், அதனால் புதிய ஓட்டுநர் இருக்கும் வீடு விலை கேட்காமல் கணக்குப் போடக் கூடாது. வாடகை உயர்வுக்கு ஆண்டு வரம்பு இருப்பது மானிட்டோபாவில் மட்டும், அதிலும் விலக்குகள் உண்டு. மற்ற இரண்டிலும் உயர்த்தும் தொகைக்கு வரம்பு இல்லை.

ஆல்பர்ட்டாவின் மின் கட்டணச் சீட்டு புதியவர்களைத் திகைக்க வைக்கும். நீங்கள் எரித்த மின்சாரத்தின் விலை அதில் ஒரு பகுதிதான். கம்பி வழி கொண்டுவரும் செலவும் நகராட்சிக்கான கட்டணமும் தனித்தனி வரிகளாக இருக்கும். மெடிசின் ஹாட்டில் நகராட்சியே மின்சாரமும் இயற்கை எரிவாயுவும் விநியோகிக்கிறது. விற்பவரிடமோ வாடகைக்கு விடுபவரிடமோ ஜனவரி மாதச் சீட்டையும் ஜூலை மாதச் சீட்டையும் கேளுங்கள். வருடச் சராசரி மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், ஜனவரியில் கையில் பணம் இருக்க வேண்டும்.

6. ஜனவரி கடைசியில் போய்ப் பாருங்கள்

இந்த ஒரு படியை எதற்காகவும் விடாதீர்கள். ஜூலையில் வந்து பார்ப்பவர்கள் பத்து மணி வரை வெளிச்சமும் மஞ்சள் கனோலா வயல்களும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த நகரமும் உண்மைதான், ஆனால் வருடத்தில் சில மாதங்களுக்குத்தான் அது.

வார நாட்களில் வாருங்கள். குறைந்தது மூன்று முழு நாட்கள். ஹோட்டலில் தங்காமல் சமையலறை உள்ள இடத்தில் தங்குங்கள், ஏனென்றால் கடைக்குப் போய் வாங்கி வந்து சமைத்தால்தான் விலையும் கிடைக்கும் பொருளும் தெரியும்.

முதல் நாள் காலை, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில் எழுந்து வெளியே வாருங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் சுமார் எட்டு மணி நேரம்தான், ஜனவரி முடிவிலும் அந்த நேரத்தில் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. நிறுத்தியிருக்கும் கார்களின் முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு சின்ன மின்செருகி தொங்குவதைக் கவனியுங்கள். அதுதான் பிளாக் ஹீட்டர். இரவின் கடும் குளிரில் எஞ்சின் உறையாமல் இருக்க, கிளம்பச் சில மணி நேரத்துக்கு முன் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகிவைக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் அந்த பிளக் இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்பது வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்டாரியோவிலிருந்து காரை ஓட்டிவருபவர்கள் அதில் பிளாக் ஹீட்டர் உண்டா என்று முன்பே பாருங்கள்.

பிறகு பஸ் நிறுத்தத்துக்கோ பள்ளிக்கோ நடந்து பாருங்கள். காற்றோடு சேர்த்து உணரப்படும் குளிர் மைனஸ் 40-ஐத் தொட்டால் மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறையத் தொடங்கிவிடும். நல்ல உடுப்போடு நடக்கலாம், நாங்கள் நடக்கிறோம். ஆனால் எதிர்க்காற்றில் நடப்பதும் காற்று முதுகில் படும்படி நடப்பதும் வேறு வேறு அனுபவம். அதைத் தொலைபேசியில் யாராலும் உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நல்ல பக்கத்தையும் பார்ப்பீர்கள்: கடும் குளிர் நாட்களில் பெரும்பாலும் வானம் தெளிந்து வெயில் அடிக்கும். டொராண்டோவின் சாம்பல் நிற ஜனவரியில் சோர்ந்துபோகிற சிலருக்கு இது உண்மையிலேயே ஒத்துக்கொள்கிறது.

இரண்டாம் நாள் நூலகம், நீச்சல் குளம், உள்ளரங்க விளையாட்டுக் கூடம், ஒரு பேரங்காடி. ஐந்து மாதம் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் போக இடம் இதுதான். அங்கே இருக்கும் பெற்றோரிடம் பேசுங்கள். ‘ஊர் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் பிடிச்சிருக்கு என்பார்கள். ‘போன வாரம் சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் விவரம் வரும்.

மூன்றாம் நாள் பக்கத்துப் பெரிய நகரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் முன் மாகாணத்தின் சாலைநிலைத் தகவலைப் பாருங்கள்: சஸ்காட்செவனில் ஹைவே ஹாட்லைன், மற்ற இரண்டிலும் 511 என்ற சேவை. சாலை மூடப்பட்டு உங்கள் பயணம் தடைப்பட்டால் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ள வந்ததே அதுதான்.

7. கோடையின் புகை

ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ள வீட்டுக்கு இது முதல் வகைக் கேள்வி. 2023 முதல் கோடைக்காலங்களில் காட்டுத்தீப் புகை பிரெய்ரி முழுக்கப் பலமுறை பரவியிருக்கிறது. காற்றுத் தரச் சுகாதாரக் குறியீடு 7-க்கு மேல் போன நாட்களை அந்த நகரத்துக்குத் தேடிப் பாருங்கள். ஆலங்கட்டி மழையும் உண்டு, கூரைக் காப்பீட்டின் விலையில் அது தெரியும்.

8. குற்ற எண்ணைப் படிக்கும் முறை

கனடா புள்ளிவிவரத் துறை வருடந்தோறும் ஜூலையில் குற்றத் தீவிரக் குறியீட்டை வெளியிடுகிறது. குற்றங்களை அவற்றின் கடுமைக்கு ஏற்ப எடைபோட்டு, 2006-ஐ 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். பிரெய்ரியின் பல சிறிய நகரங்களில் இந்த எண் டொராண்டோவைவிட மிக அதிகம். பார்த்ததும் பயந்து ஊரையே நீக்குபவர்கள் உண்டு, பார்க்காமலேயே ‘சின்ன ஊர், பயமில்லை’ என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

மக்கள்தொகை குறைவான இடத்தில் சில கடுமையான சம்பவங்களே எண்ணை ஏற்றிவிடும். ஆகவே ஒரு வருடத்தை விட்டு ஐந்து வருடப் போக்கைப் பாருங்கள். வன்முறைக் குறியீடும் வன்முறையற்றதும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பிரித்துப் படியுங்கள். கடைசியில் நகரக் காவல்துறையின் பகுதிவாரி வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள். ஒரே நகரத்தில் இரண்டு தெருவுக்கு இடையே வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

9. பள்ளி, காப்பகம், நம் ஆட்கள்

மூன்று மாகாணங்களிலும் உரிமம் பெற்ற காப்பகத்தில் சிறு குழந்தைகளுக்கான கட்டணம் நாளொன்றுக்கு 10 முதல் 15 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. கட்டணம் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. நகரம் முடிவாகும் முன்பே காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடுங்கள், பிறகு எடுத்துவிடலாம்.

தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்கம், கோயில் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். சஸ்கட்டூனில் லட்சுமி நாராயணர் கோயில், எட்மன்டனில் மகா கணபதி கோயில் இருக்கின்றன. சிறிய நகரத்தில் நான்கைந்து தமிழ்க் குடும்பம் சேர்ந்து பொங்கல் வைப்பார்கள், அது மிக நெருக்கமாக இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் வேறு கூட்டமும் கிடையாது. இந்தியக் கடைக்குள் போய்க் கறிவேப்பிலை எந்தக் கிழமை வரும் என்று கேளுங்கள். கடைக்காரர் கிழமையைச் சொன்னால் வரத்து ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

10. இப்போது வீடு, முதலில் வாடகைக்கு

ஒரு குளிர்காலமாவது வாடகைக்கு இருங்கள். எந்தத் தெருவில் பனி முதலில் அள்ளப்படுகிறது, எந்தப் பகுதியில் ஆற்றுநீர் ஏறும், எந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதெல்லாம் வந்த பிறகுதான் தெரியும். 2011-இல் அசினிபோயின் ஆறு பெருகி பிராண்டனிலும், 2013-இல் தெற்கு சஸ்காட்செவன் ஆறு பெருகி மெடிசின் ஹாட்டிலும் மக்கள் வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

வாங்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். ரெஜைனா சுற்றுவட்டாரத்தின் களிமண் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கும். சுவர் அதனோடு சேர்ந்து அசையும். கிடைமட்ட விரிசல், உள்நோக்கி வளைந்த சுவர், புதிதாகப் பூசிய ஒரே ஒரு மூலை, இவற்றைக் கண்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வேலை செய்கிறதா, கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ரேடான். மண்ணிலிருந்து கசியும் நிறமும் மணமும் அற்ற கதிரியக்க வாயு இது, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். பிரெய்ரியில் பல வீடுகளில் அதிகமாக இருக்கிறது. கனடா சுகாதாரத் துறையின் வரம்பு கனமீட்டருக்கு 200 பெக்கரல். சோதனைக் கருவியைக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்தால்தான் நம்பத்தகுந்த அளவு வரும், அதனால் வாங்குவதற்கு முன் முடியாது. விலை பேசும்போதே சரிசெய்யும் செலவை ஒதுக்கிவையுங்கள். தரைக்கடியில் குழாய் இறக்கி விசிறி வைத்து வாயுவை வெளியேற்றுவதுதான் வழக்கமான தீர்வு. பேஸ்மென்ட்டில் பாட்டிக்கு அறை கட்டும் திட்டம் இருந்தால் சோதனை முடிந்த பிறகு கட்டுங்கள்.

11. முடிவெடுக்கும் நாள்

முதல் படியின் பட்டியலை எடுங்கள். ‘இல்லாமல் முடியாது’ என்ற வரிகளில் ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் அந்த நகரத்தை விட்டுவிடுங்கள். வீடு எவ்வளவு மலிவு என்பதை வைத்து அதைச் சமன் செய்யாதீர்கள். மீதி வரிகளில் மட்டும்தான் விட்டுக்கொடுப்பு.

நகரம் தேறினால், திரும்பிவரும் செலவைக் கணக்கிட்டுத் தனியாக வங்கியில் போடுங்கள்: லாரி வாடகை, பெரிய நகரத்தில் முதல் மாதமும் கடைசி மாதமும் வாடகை, வேலை தேடும் காலத்துக்கான சாப்பாட்டுச் செலவு. இந்தப் பணம் இல்லாமல் வந்தவர்கள் பிடிக்காத ஊரில் பிடிக்காத வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். குடிபெயரும் மாதமாக மே அல்லது ஜூனைத் தேர்ந்தெடுங்கள். சாலை நன்றாக இருக்கும், செப்டம்பரில் பள்ளி தொடங்கும் முன் மருத்துவ அட்டை கைக்கு வந்துவிடும், முதல் குளிருக்கு முன் ஓட்டுநர் உரிமத் தேர்வை எழுதவும் நேரம் இருக்கும்.